வண்டி போக வழி

சவுக்குக் கழி ஒன்றை நெஞ்சுக்கு நேராகக் குறுக்கே பிடித்துக்கொண்டு தசரதன் அப்பாவு நகர் முதல் தெருவில் நடந்து வந்தான். பால் வாங்கப் போனவர்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழி விட்டார்கள். கழி எங்கேயாவது இடிக்கும்போலிருந்தால் அவன் சாய்த்துக்கொள்ளவில்லை. சாய்த்தால் அளவு போய்விடும். இடித்த இடத்திலேயே நின்று அந்த வீட்டுக் கதவைத் தட்டினான்.

"நாளைக்கிக் காலைல மட்டும் காரை அந்தாண்ட எட்த்துக்கோ சார்."

"ஏம்பா, தேர் எதுனா வருதா?"

"ஆமா சார். நெல்லு அறுக்கற தேரு."

அறுவடை மிஷினின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் அந்தக் கழியின் நீளம். மிஷின் டிரைவர் கௌதம் போனில் சொன்ன கணக்குக்கு முந்தின நாள் சாயங்காலம் வெட்டியது. மிஷின் திருநின்றவூர்ப் பக்கம் ஒரு வயலில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று இருட்டுவதற்குள் இங்கே வந்துவிடும். நாளை மத்தியானம் அதை ஏற்றிக்கொண்டு லாரி பெரியபாளையம் போய்விடும். நடுவில் இருக்கிற அந்த ஒரு காலைப்பொழுதுதான் தசரதனுக்குக் கிடைத்தது.

முத்தாபுதுப்பேட்டையில் அப்பாவு நகர் முடிகிற இடத்தில், வீடுகளுக்குப் பின்னால், ஒன்றரை ஏக்கர் கழனி அவர்களுக்கு மிச்சம் இருந்தது. சொர்ணவாரிப் போகத்துக்குப் போட்ட குண்டு நெல். கதிர் முற்றித் தலை சாய்ந்து, வாசலில் பொன்னைக் கொட்டினதுபோல் கிடந்தது. ஆவணி மாதம். பகலெல்லாம் உடம்பைப் பிழியும் வெயில். நாலு மணிக்கு மேல் மோரை ஊர்ப் பக்கத்து வானம் கறுத்துக்கொண்டு வரும். ஒரு நல்ல மழை அடித்தால் போதும், பயிர் படுத்துவிடும். படுத்த நெல் கதிரிலேயே முளைக்க ஆரம்பித்துவிடும்.

போன வருஷம்வரை கண்ணம்மாவின் ஆட்கள்தான் அறுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெள்ளானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். இந்த முறை தசரதன் போன் செய்தபோது கண்ணம்மா சிரித்தாள்.

"எந்த ஆளுங்கள இட்டுகினு வர்றது நைனா? ஒருத்தி ஸ்கூல் வேன்ல ஆயாவா போறா. ஒருத்தி அபார்ட்மெண்ட்ல பெருக்கறா. நானு கம்பெனி கேண்டீன்ல தட்டு கய்வுறேன். தலைக்கு மேல ஃபேனு ஓடுது. என்னாண்ட வந்து கய்னில குனின்றியே, ஒனுக்கே நாயமா கீதா?"

"ஒரே ஒரு நாளு வந்துட்டுப் போயேம்மா."

"எனக்கு வர ஆசதான். முதுவு ஒத்துக்கணுமே. அது இப்பல்லாம் என் பேச்சக் கேக்கறதில்ல."

கோபப்பட ஒன்றும் இல்லை. தசரதன் தானும் வருஷத்தில் பாதி நாள் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்தான். மனைவி சுதா மட்டும் நேராகப் பேசினாள். இந்தப் போகம் கைக்கு வந்தால் சரி. அறுக்க வழியில்லாமல் வீணாய்ப் போனால், மனை போடுகிறவன் ஆறு மாதமாக நடையாய் நடக்கிறானே, அவனுக்கே கழனியைக் கொடுத்துவிடலாம். "நட்டுட்டு அறுக்க முடியாம நிக்கறதுக்கு நடாமயே இருந்துடலாம்" என்றாள். தசரதனும் சரி என்று சொல்லியிருந்தான்.

கழியோடு அவன் தெருமுனைக்கு வந்தான். அதுவரைக்கும் இடித்ததெல்லாம் நகர்த்தக்கூடிய பொருட்கள். கார், பைக், துளசித் தொட்டி, ஒரு வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த சிண்டெக்ஸ் டேங்க். தெருமுனையில்தான் கழனிக்குப் போகிற சந்து தொடங்கியது. இடப்பக்கம் மின்கம்பம். அதை இழுத்துப் பிடித்த கம்பி தரையில் ஊன்றியிருந்தது. வலப்பக்கம் ஆரோக்கியசாமி வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். கழி அங்கே நின்றுவிட்டது. ஒரு சாணுக்கும் கூடுதலாகவே இடித்தது.

மின்கம்பத்தைத் தொட முடியாது. இன்னொரு பக்கத்தில் சுவர் என்றால் வெறும் சுவர் இல்லை. அந்த மூலையில்தான் மாதா கெபி இருந்தது. பாறைபோல சிமெண்டில் கட்டி நீலம் அடித்து, நடுவில் கண்ணாடிக்குள் மாதா சுரூபம். மாதா பிறந்தநாள் திருவிழாவுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. சாயங்காலமானால் நகரில் இருக்கும் கிறிஸ்தவர்கள் எல்லாம் அந்தக் கெபி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள்.

தசரதன் கழியைக் கீழே வைத்துவிட்டுக் கெபியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இந்தச் சந்துக்கு ஒரு கதை உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தசரதனின் அப்பா அப்பாவு ரோட்டோரத்து நிலத்தை மனை போடக் கொடுத்தார். வாங்கினவர் நன்றிக்கு நகருக்கு அவர் பேரையே வைத்தார். பின்னால் இருக்கிற கழனிக்கு வழி விடவேண்டும் என்று அப்பாவு கறாராக இருந்தார். எவ்வளவு என்று கேட்டதற்கு, தன் மாட்டு வண்டியில் வைக்கோல் பாரம் ஏற்றி, தானே ஓட்டிக் காட்டினார். வைக்கோல் முனை எதுவரை நீண்டதோ அங்கே முளைக்குச்சி அடிக்கச் சொன்னார். வந்தவர்கள் எல்லாம் மெச்சிக்கொண்டார்கள். பத்திரத்தில் 'வண்டி போக வழி' என்று எழுதினார்கள். அடுத்த வருஷமே அப்பாவு மாடுகளை விற்றுவிட்டார். வண்டியை ஒரு ஓட்டல்காரன் அலங்காரத்துக்கு வாங்கிக்கொண்டு போனான்.

உழுகிற சின்ன டிராக்டர் அந்த வழியில் நுழைந்துவிடும். அறுக்கிற மிஷின் நுழையாது.

"என்னடே, சுவர அளக்குத?" ஆரோக்கியசாமி பல் தேய்த்த வாயோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ராணுவ டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டுக் கடைசியில் இங்கே மனை வாங்கி வீடு கட்டினார். ஊர் நாகர்கோவில் பக்கம். ஆவடித் தண்ணீர் எவ்வளவு குடித்தும் பேச்சு மாறவில்லை.

தசரதன் விஷயத்தைச் சொன்னான். ஆரோக்கியசாமி கழியைத் தூக்கித் தானே ஒரு முறை வைத்துப் பார்த்தார்.

"முட்டுதே."

"முட்டுது சார்."

"கெபியாக்கும் அது. வேற என்னத்தையாவது கேட்டிருந்தா உடனே செய்திருப்பேன்." அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "கொஞ்சம் பொறு. வீட்டுல கேக்கட்டு. என்ன செய்யலாம்னு பாப்போம்."

அத்தோடு விட்டிருந்தால் காரியம் தானாகவே நடந்திருக்கும். அப்பாவு அந்த நேரத்துக்கு டீ குடித்துவிட்டு வந்து சேர்ந்தார். எழுபது வயதிலும் குரல் மட்டும் மாடு ஓட்டுகிற குரல்.

"இன்னாத்துக்குக் கெஞ்சிகினு கீற? இந்த முக்கு என் வழில கீது. நான் முளைக்குச்சி அடிச்ச எடம் எனுக்குத் தெரியாதா? அரை அடி வெளிய வந்து கட்டிகினு, மேல சாமிய வச்சிட்டா எவன் கேப்பான்?"

"நைனா, கம்முனு இரு."

"நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

ஆரோக்கியசாமியின் முகம் மாறிவிட்டது. கழியை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். "சர்வேயரக் கூட்டிட்டு வாரும்" என்றார். "அவன் வந்து அளந்து சொல்லட்டு. அப்ப பேசுவோம்." கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சர்வேயர் வருவதற்குள் நெல் முளைத்து, நாற்றாகி, பிடுங்கி நட்டும் விடலாம்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சுதா மாமனாருக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"ஏன் மாமா, அவுரு பாக்கறேன்னு சொன்னாராமே. நீ ஏன் போய் உள்ள பூந்த?"

"உள்ளதச் சொன்னேம்மா."

"உள்ளத அறுப்பு முடிஞ்சிட்டு சொல்லக் கூடாதா? இத்தினி வருசம் பொறுத்துகினு இருந்தியே. ஒரு நாளு பொறுக்க முடியலியா?"

அப்பாவு சோற்றைப் பிசைந்தார். "குச்சி அடிச்சவனுக்குத் தாம்மா வயிறு எரியும்."

"குச்சிய கொஞ்சம் தள்ளி அடிச்சிருந்தா இப்ப யாருக்கும் எரியாது."

தசரதன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டான். அப்பாவு மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அவர் ரோசப்பட்டால் கூடுதலாகச் சாப்பிடுகிற ஆள்.

நாலரை மணிக்கு லாரி மெயின் ரோட்டில் வந்து நின்றது. சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடுகிற மிஷின் அதன் முதுகில் பெரிய வெட்டுக்கிளிபோல உட்கார்ந்திருந்தது. கௌதம் இருபத்தைந்து வயதுப் பையன். இறங்கின உடனே சந்துவரை நடந்து வந்து பார்த்தான். மின்கம்பத்தைப் பார்த்தான், கெபியைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"நுழையாதுங்கண்ணா."

"முன்னாடி வாய் மாதிரி கீதே, அத்த கழட்டிட்டா?"

"கழட்டி மாட்ட ஒரு நாள் போயிருங்க. நாளைக்கு மத்தியானம் பெரியபாளையத்துல நான் இல்லைன்னா ஓனர் என்னையவே கழட்டி வச்சிருவாரு." அவன் வானத்தைப் பார்த்தான். மேற்கே ஒரு முறை மின்னியது. "காலைல எட்டு மணிவரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல கெளம்பிருவேங்கண்ணா. தப்பா நெனைக்காதீங்க."

சுதா புடவையை உதறிக் கட்டிக்கொண்டாள். "வா, சார் ஊட்டு அக்காவாண்ட போலாம். மாமா பேசினதுக்கு மன்னிப்புனா கேட்டுட்டு வரலாம்" என்றாள்.

அவர்கள் போனபோது கெபி முன்னால் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. பத்துப் பேர் இருப்பார்கள். ஆரோக்கியசாமியின் மனைவி ஞானகுமாரி முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள். தசரதனும் சுதாவும் செருப்பைக் கழற்றிவிட்டு மின்கம்பத்தின் பக்கமாக நின்றார்கள். ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்கள். ஞானகுமாரி இவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து தந்தாள்.

"சார் ஊட்ல இல்லியாக்கா?"

"எங்கயோ வெளிய போனாவ. ஜெபத்துக்குக்கூட இருக்கல."

"மாமா காலைல பேசினத மனசுல வச்சிக்காதீங்கக்கா. வயசாயிடிச்சி. வாய் நிக்கறதில்ல."

ஞானகுமாரி பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள். "உங்க மாமா சொன்னது சரிதான் மக்களே. கெபி வைக்கணும்னு நாந்தான் கேட்டேன். உள்ள கட்டினா காருக்கு இடம் காணாதுன்னு கொத்தன் அரை அடி வெளிய இழுத்துட்டான். அவிய அப்பமே வேண்டாம்னு சொன்னாவ. நாந்தான் கேக்கல. இப்ப தெருவுல வச்சி அதச் சொன்னதும் அவியளுக்குச் சங்கடமா போச்சு. கோவம் உங்க மாமா மேல இல்ல. எம்மேலயாக்கும்."

ஞானகுமாரி கெபியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க ஊருலயும் வயலுதான். அறுப்பு நேரத்துல மழைன்னா எங்க அம்மை சாப்பிடமாட்டா." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மாதாவ நான் வீட்டுக்குள்ள வச்சிக்கிடுவேன். ஜெபம் உள்ள சொன்னாலும் கேக்கத்தான செய்வா. நீங்க போயி அவியளப் பாத்துப் பேசுங்க."

அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. மெயின் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் மிஷினை இறக்கி நிறுத்தியிருந்தார்கள். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் கௌதம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தான்.

"பெல்ட்டு தொங்குதேடே, இறுக்கதுக்கு என்ன?" குரல் அடியிலிருந்து வந்தது.

"நேரம் கிடைக்கலீங்கண்ணா."

"நேரம் கிடைக்கலியாம். டாங்கில இப்படித் தொங்கினா கழண்டு சாடிரும், தெரியுமா?"

"இது டாங்கி இல்லீங்களே."

"திரும்புத விதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான. ஒரு பக்கத்தப் பிடிச்சி நிறுத்தணும், மறுபக்கத்த ஓட்டணும். நின்ன இடத்துலயே சுத்தும்." ஆரோக்கியசாமி கைகளை ஊன்றி வெளியே வந்தார். சட்டை முதுகெல்லாம் மண். தசரதனைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டு, கையைத் துடைக்கத் துணி தேடினார்.

அவருக்கு ஃபேக்டரியில் இருந்த வேலை அதுதான். புதிதாகச் செய்து முடித்த டாங்கிகளைத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பது. மேடு, பள்ளம், தண்ணீர் எல்லாவற்றிலும் இறக்கி ஏற்றுவது. ஓய்வு பெற்றபிறகு அவருக்கு ஓட்டக் கிடைத்தது ஒரு ஸ்கூட்டி மட்டும்தான்.

"சார், நைனா சொன்னதுக்கு..."

"அத விடு." அவர் கையை ஆட்டினார். "உங்க அப்பா சத்தம் போட்டாருன்னு நான் சுவர இடிக்கேன்னு யாரும் நினைச்சிரக் கூடாது. அது ஒண்ணு. ரெண்டாவது, சுவர எடுத்தாலும் இடம் ரொம்ப இல்ல. அந்தக் கம்பத்துக் கம்பிய உரசாம திருப்பணும். இந்தப் பயலுக்குப் பயமா இருக்குன்னு சொல்லுதான்."

"பயம்தாங்கண்ணா" என்றான் கௌதம். "கம்பத்துல இடிச்சா யாரு பதில் சொல்றது?"

"சந்துக்குள்ள ஓட்டுதது நான். அதுக்குச் சம்மதம்னா சுவரு போவும்."

தசரதன் கௌதமைப் பார்த்தான். கௌதம் மிஷினைப் பார்த்தான். "நானும் மேல நிப்பேன்" என்றான். "ஓனருக்கு யாரும் போன் பண்ணிராதீங்க."

அன்று இரவு வானம் இடித்ததே தவிர மழை பெய்யவில்லை.

விடிந்தபோது ஞானகுமாரி சுரூபத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தோளில் சாய்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். ஃப்ரிட்ஜின் மேல் விரிப்புப் போட்டு வைத்திருந்தாள். சுவரை இடிக்கக் கடப்பாறையோடு வந்து நின்றவர் அப்பாவு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"அம்மா, சாமி உள்ள பூட்டாங்களா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"போயாச்சு. நீங்க இடிங்க."

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இடித்தார். அடித்து நொறுக்கவில்லை. கடப்பாறையை இடுக்கில் விட்டு நெம்பி, செங்கல் செங்கலாகப் பெயர்த்தார். உடையாத கல்லைத் தனியாக அடுக்கினார். ஆரோக்கியசாமி சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு வந்து கற்களை வாங்கி அடுக்க ஆரம்பித்தார். கல் மட்டும் கை மாறியது.

தெருச் சங்கத்துச் செயலாளர் சிவராமன் ஒரு கவலையோடு வந்தார். சிமெண்ட் ரோடு போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"பெல்ட்டு ரப்பர் சார்" என்றான் தசரதன். "நேரா போனா ஒண்ணும் ஆவாது. திரும்பற எடத்துல மட்டும் கோணி நனைச்சிப் போடறோம்."

"இன்டர்நெட் கேபிள் எல்லாம் தாழ்வா தொங்குதே?"

"அதான் சார் எனுக்கும் தெரில."

சிவராமன் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். போனை எடுத்தார். "வாட்ஸப் குரூப்புல போட்டுடறேன்" என்றார்.

என்ன போட்டாரோ தெரியாது. மிஷின் தெருவுக்குள் நுழைந்தபோது கார் ஒன்றுகூட இல்லை. இருபக்கத்து மொட்டை மாடிகளிலும் ஆட்கள் நின்றார்கள். தரை துடைக்கிற மாப்புக் கம்பு, ஒட்டடைக் கம்பு, துணி காயப் போடுகிற கம்பு என்று கையில் கிடைத்ததைக்கொண்டு கேபிள்களைத் தூக்கிப் பிடித்தார்கள். மிஷின் ஒவ்வொரு வீடாகக் கடக்கக் கடக்க, கம்புகள் வரிசையாக உயர்ந்து தாழ்ந்தன. "எங்க ஊட்டு சீரியல் போச்சின்னா ஒன்ன உட மாட்டேன் தசரதா" என்று ஒரு குரல் மேலிருந்து வந்தது. "சாயங்காலத்துக்குள்ள வந்துரும்கா" என்று கீழிருந்து சுதா பதில் சொன்னாள்.

டிரைவர் சீட்டில் இருந்த ஆரோக்கியசாமி முகத்தில் சிரிப்பே இல்லை. சட்டையை மாற்றி, தலை சீவி, பவுடர்கூடப் போட்டிருந்தார். தெருமுனையில் நனைந்த கோணிகளின் மேல் மிஷினை நிறுத்தினார். இடப்பக்கம் கம்பி. வலப்பக்கம் பெயர்த்த சுவரின் பல். அவர் ஒரு கைப்பிடியை மட்டும் இழுத்தார். மிஷின் நின்ற இடத்திலேயே, அம்மிக்கல்லைத் திருப்பி வைப்பதுபோல, மெதுவாகத் திரும்பியது. கம்பிக்கும் அதன் வாய்க்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. அப்பாவு வாயைத் திறந்தார், சுதாவின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார். தசரதன் மூச்சு விட்டபோது மிஷினின் பின்பக்கமும் சந்துக்குள் போயிருந்தது.

கழனியில் இறங்கின பிறகும் ஆரோக்கியசாமி இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒரு வரி ஓட்டிட்டுத் தாறேன்."

"சந்து வரைக்கும்னுதான சொன்னீங்க?"

"ஒரு வரிதாண்டே."

அந்த ஒரு வரியில் வாயை ரொம்பத் தாழ்த்திவிட்டார். அது மண்ணைக் கவ்வி, வைக்கோலும் சேறுமாக அடைத்துக்கொண்டது. கௌதம் இறங்கிக் கையால் பிடுங்கிச் சுத்தம் செய்தான். "அண்ணா, டாங்கி சேத்துல போவும். இதோட வாய் சேத்துல போவக் கூடாதுங்க" என்றான். ஆரோக்கியசாமி ஒத்துக்கொண்டு இறங்கினார். வரப்பில் நின்று, கௌதம் திரும்புகிற ஒவ்வொரு மூலையிலும் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கௌதம் அந்தக் கையைப் பார்க்கவேயில்லை. அதில் இருவருக்கும் வருத்தம் இல்லை.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் முழு நாள் குனிந்து அறுத்து, கட்டி, சுமந்து, அடித்துத் தூற்றுகிற வேலை. மிஷின் காலைப்பொழுதுக்குள் அதை முடித்தது. பின்னால் வைக்கோல் வரிசையாக விழுந்தது. எங்கிருந்தோ கொக்குகள் வந்துவிட்டன. அறுத்த தாளிலிருந்து பச்சை வாடை எழுந்து வீடுகள்வரைக்கும் போயிற்று. மாடியில் நின்றவர்களில் சிலர் இறங்கி வந்து வரப்பில் நின்றார்கள். குழாயிலிருந்து நெல் தார்ப்பாயில் கொட்டியபோது சுதா கையை அடியில் நீட்டினாள். நெல் கைமேல் விழுந்து தெறித்தது. சூடாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

கௌதம் அவசரமாக நாலு இட்லி சாப்பிட்டான். திரும்பும்போது சந்தில் மிஷினை அவனே ஓட்டினான்.

மூட்டை பிடித்த நெல்லை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. தசரதன் வீட்டில் ஓலைக் கொட்டகைதான். ஆரோக்கியசாமி தன் காரை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, போர்டிகோவைக் காட்டினார். நாலு மணிக்கு மழை வந்தது. சொல்லிவைத்த மாதிரி வந்து, அறுத்த தாளையும் தெருவையும் காரையும் ஒரேமாதிரி அடித்துக்கொண்டு பெய்தது. போர்டிகோவில் மூட்டைகளின் மேல் அப்பாவும் ஆரோக்கியசாமியும் உட்கார்ந்து, ஞானகுமாரி போட்ட டீயைக் குடித்தார்கள்.

"டாங்கில எத்தினி பேர் ஏறுவாங்க?" என்று அப்பாவு கேட்டார்.

"மூணு பேரு."

"மூணு பேருக்கு அத்தாம் பெரிய வண்டியா?" அவர் அதை யோசித்துக்கொண்டே டீயை ஆற்றினார்.

இரண்டு நாள் கழித்து வெயில் நன்றாக அடித்தது. களம் என்று ஒன்று இப்போது ஊரில் எங்கேயும் இல்லை. முதல் தெருவின் சிமெண்ட் ரோட்டில்தான் நெல்லைக் காயப் போட்டார்கள். ஆபீஸ் போகிறவர்கள் ஓரமாகப் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சுதாவும் ஞானகுமாரியும் பாதத்தால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவு நாற்காலி போட்டு உட்கார்ந்து புறாக்களை விரட்டினார். வண்டி எடுக்கக் கிளம்பின தசரதன், ஆரோக்கியசாமி கூப்பிட்டதால் நின்றான். கொத்தனார் துலுக்கானம் வந்திருந்தார்.

"பழைய மாதிரியே சுவரு எழுப்பிடட்டுமா சார்? கல்லு நெறைய தேறும் போல."

"சுவரு வேண்டாம். அந்த மூலையில கேட்டு போடணும். ரெண்டு கதவு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடக்குத மாதிரி. அறுப்புக்கு மட்டும் திறப்போம்."

"அப்ப கெபி?"

"பின்பக்கம், வயலப் பாத்து" என்று ஞானகுமாரி தெருவிலிருந்தே சொன்னாள்.

துலுக்கானம் டேப்பை இழுத்தார். "கேட்டு எவ்ளோ அகலம் உட்றது?"

ஆரோக்கியசாமி தசரதனைப் பார்த்தார். "அடுத்த வருசம் வாற மிஷினு இதவிடப் பெருசா இருக்குமாடே?"

தசரதன் யோசிப்பதற்குள் அப்பாவு நாற்காலியிலிருந்தே பதில் சொன்னார். "பெருசாத்தான் வரும். எதுனா சின்னதா ஆயி வந்ததப் பாத்துகீறியா?"

"அப்ப இன்னும் ரெண்டு அடி சேத்து விடு."

"காரு நிக்க எடம் பத்தாதே சார்" என்றார் துலுக்கானம்.

"காரு தெருவுல நிக்கும்."

துலுக்கானம் அளந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். தசரதன் கோட்டில் கால் படாமல் தள்ளி நின்றான். சுதா நெல்லைக் கிளறிக்கொண்டே அவன் பக்கமாக வந்தாள். ஒரு நெல்லை எடுத்துக் கடித்து ஈரம் பார்த்தாள். உமியைத் துப்பினாள்.

"சம்பாவுக்கு நாத்து எப்ப உட்றது?" என்று கேட்டாள்.